கம்ப்யூட்டருக்கும் ஒரு டூப்ளிகேட் சாவி

(நமது சங்கத்தின் மாதாந்திர உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த மேடையில் வழக்கமாக உபன்யாசம் நடக்கும். இல்லாவிட்டால் யாராவது ஒரு டாக்டர் வந்து சர்க்கரை, ரத்த அழுத்தம் பற்றிச் சொல்வார். கம்ப்யூட்டர் பற்றிப் பேச என்னை ஏன் கூப்பிட்டார்கள் என்று சிலருக்குத் தோன்றலாம். காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். போன வருஷம் சங்கத்தின் வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் என்ற முறையில் நான் இரண்டு வாரம் தாமதமாகத்தான் கொடுத்தேன். பொதுக்கூட்டத்தில் எழுந்து, "கம்ப்யூட்டர் கோளாறு, மன்னிக்க வேண்டும்" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். யாரும் மேலே கேட்கவில்லை. ஆனால் 35 வருஷம் சர்க்கார் உத்தியோகத்தில் மற்றவர்களிடம் விளக்கம் கேட்டே பழகியவன் நான். என் விளக்கம் எனக்கே திருப்தியாக இல்லை. அந்தக் கோளாறில் பாதிதான் கம்ப்யூட்டருடையது; மீதிப் பாதி என்னுடையது. அதை இன்று சபையில் ஒப்புக்கொண்டு, அதிலிருந்து நான் கற்றதையும் சொல்லப் போகிறேன்.

நான் கம்ப்யூட்டர் நிபுணன் அல்ல. அந்தக் காலத்து பி.எஸ்ஸி. பௌதிகம், அவ்வளவுதான். லாபரட்டரியில் ஒரு கருவி சரியாக வேலை செய்யாவிட்டால், "கோளாறு எந்தப் பகுதியில் என்று முதலில் பிரித்துப் பார், பிறகு கை வை" என்று எங்கள் புரொபசர் சொல்வார். அந்த ஒரு பாடத்தை மறந்ததால் வந்த வினைதான் இது.

நடந்தது என்ன?

மார்ச் மாதக் கணக்கு முடிந்து, ரசீதுகளையெல்லாம் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்திருந்தேன். ஒரு ராத்திரி வேலையை முடித்து ஷட்டவுன் கொடுத்ததும், அப்டேட் நடக்கிறது, மின்சாரத்தை அணைக்காதீர்கள் என்று திரையில் வந்தது. சதவிகிதக் கணக்கு நகரவே இல்லை. கால் மணி நேரம் பார்த்தேன். தூக்கம் கண்ணைச் சுற்றியது. சுவரில் இருக்கும் சுவிட்சை அணைத்துவிட்டுப் போய்ப் படுத்துவிட்டேன்.

மறுநாள் காலை ஸ்நானம், சந்தியாவந்தனம் எல்லாம் முடித்து வந்து உட்கார்ந்தேன். பாஸ்வேர்டைப் போட்டேன். ஏற்றுக்கொண்டது. ஏதோ தயார் செய்வதாகச் சொல்லிக் கொஞ்ச நேரம் சுற்றியது. பிறகு திறந்த திரையைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. நான் வைத்திருந்த பெருமாள் படம் இல்லை. சங்கக் கணக்கு ஃபோல்டர் இல்லை. பேத்தி கல்யாண போட்டோக்கள் இல்லை. இன்றுதான் கடையிலிருந்து வாங்கி வந்தது போலத் துடைத்துவிட்டாற்போல் இருந்தது. திரையில் ஆங்கிலத்தில் ஓர் அறிவிப்பு வந்தது. படபடப்பில் அதைப் படிக்காமலே மூடிவிட்டேன்.

குறிப்பைப் படிக்காமல் ஃபைலில் கையெழுத்துப் போட்டவர்களுக்கு எத்தனை மெமோ கொடுத்திருப்பேன்! அன்று எனக்கு மெமோ கொடுக்க ஆள் இல்லை.

ரசீதுப் புத்தகங்கள் கையில் இருந்தன. சரி, போனது போகட்டும் என்று காலை 10 மணியிலிருந்து மத்தியானம் 2 மணி வரை உட்கார்ந்து மறுபடியும் அத்தனையையும் டைப் செய்தேன். டெஸ்க்டாப்பிலேயே சேமித்தேன். இந்தத் தடவை ஜாக்கிரதையாக முறைப்படி ஷட்டவுன் செய்தேன். மறுநாள் காலை திறந்தால் அதுவும் இல்லை! நாலு மணி நேர உழைப்பு, இருந்த சுவடே இல்லை.

பயந்து போய்க் கம்ப்யூட்டரை ஒரு ரிப்பேர் கடைக்கு ஆட்டோவில் எடுத்துக்கொண்டு போனேன். என் ஆத்துக்காரியும் கூட வந்தாள். கடைப் பையன் இரண்டு நிமிஷம் பார்த்துவிட்டு, "விண்டோஸ் கெட்டுப் போயிருக்கு அங்கிள். ஃபார்மட் பண்ணிடலாம். சாயங்காலம் வந்து வாங்கிக்கலாம்" என்றான். நான் தலையாட்டிவிட்டேன். அவள்தான், "ஏன்னா, உள்ளே இருக்கறதெல்லாம் என்ன ஆகும்னு கேளுங்கோ" என்றாள். கேட்டேன். "அதெல்லாம் போயிடும் அங்கிள், பேக்கப் வச்சிருக்கீங்க இல்லே?" என்றான். வைத்திருக்கவில்லை. கம்ப்யூட்டரைத் திரும்ப வீட்டுக்கே எடுத்து வந்துவிட்டேன். அந்த ஒரு கேள்விதான் என் மானத்தைக் காப்பாற்றியது.

அன்று ராத்திரி வெளியூரில் இருக்கும் பேரன் டெலிபோனில் சொல்லச் சொல்ல, சி டிரைவைத் திறந்து, அதில் 'யூசர்ஸ்' என்ற ஃபோல்டருக்குள் போய்ப் பார்த்தேன். என் பெயரில் ஒரு ஃபோல்டர் இருந்தது. திறந்தேன். சங்கக் கணக்கு, கல்யாண போட்டோ, ஆவணி அவிட்டத்துக்கு டைப் செய்து வைத்திருந்த சங்கல்பம், எல்லாம் வைத்தது வைத்தபடி அங்கேயே உட்கார்ந்திருந்தன. ஒன்றும் போகவில்லை. போனது நான் பதற்றத்தில் டைப் செய்த அந்த நாலு மணி நேர வேலை மட்டும்தான்.

வாசல் வேறு, மேஜை வேறு

இது எப்படி என்று பேரனிடம் விளக்கம் கேட்டேன். அவன் சொன்னதை நம் ஆபீஸ் பாஷையில் சொல்கிறேன்.

ஆபீஸ் வாசலில் காவலாளி அடையாள அட்டையைப் பார்க்கிறார். நீங்கள் நீங்கள்தானா என்பது மட்டுமே அவருக்கு வேண்டும். கம்ப்யூட்டரில் இதுதான் லாகின். உள்ளே போனால் உங்களுக்கென்று ஒரு மேஜை, ஓர் அலமாரி, அதில் உங்கள் ஃபைல்கள், மேஜைக் கண்ணாடிக்கு அடியில் நீங்கள் வைத்த படம். இதற்குப் பெயர் யூசர் ப்ரொஃபைல். வாசலில் வரும் தகராறு வேறு, மேஜையில் வரும் தகராறு வேறு. மருந்தும் வேறு.

கம்ப்யூட்டர் ஏன் நம்மை யார் என்று கேட்க ஆரம்பித்தது என்பதற்கு ஒரு சின்ன சரித்திரம் உண்டு. 1960களின் ஆரம்பத்தில் அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் ஃபெர்னாண்டோ கார்பட்டோ என்பவரும் அவர் குழுவினரும், ஒரே கம்ப்யூட்டரைப் பலர் ஒரே சமயத்தில் பங்கு போட்டுக்கொள்ளும் முறையைச் செய்தார்கள். ஒருவர் ஃபைலை மற்றவர் பார்க்கக்கூடாது அல்லவா? அதற்காக ஆளுக்கு ஒரு பாஸ்வேர்ட் வைத்தார்கள். கூட்டுக் குடும்பத்தில் ஆளுக்கொரு பெட்டி, பெட்டிக்கொரு பூட்டு மாதிரி. கார்பட்டோவுக்கு 1990ஆம் ஆண்டின் டூரிங் விருது கிடைத்தது.

நம் வீட்டுக் கம்ப்யூட்டரில் இந்தப் பூட்டு வெகு காலம் பேருக்குத்தான் இருந்தது. விண்டோஸ் 95இல் பாஸ்வேர்ட் கேட்கும்போது எஸ்கேப் பட்டனை அழுத்தினாலே உள்ளே போய்விடலாம். 2001இல் விண்டோஸ் எக்ஸ்பி வந்த பிறகுதான் வீட்டுக் கம்ப்யூட்டரிலும் ஆளுக்கொரு தனி மேஜை நிஜமாக வந்தது. அதற்கப்புறம் பூட்டு வருஷத்துக்கு வருஷம் கெட்டிப்பட்டுக்கொண்டே வருகிறது. நம் பழக்கங்கள் மட்டும் விண்டோஸ் 95 காலத்திலேயே நிற்கின்றன.

வாசலில் தகராறு

பாஸ்வேர்ட் தவறு என்று வந்தால் உடனே மறந்துவிட்டோம் என்று நினைக்காதீர்கள். நான் பார்த்த வரையில் பெரும்பாலும் விரல்தான் தப்பு செய்கிறது, ஞாபகம் அல்ல. வரிசையாகப் பாருங்கள்.

முதலாவது, கேப்ஸ் லாக் விளக்கு எரிகிறதா? இரண்டாவது, எண்ணில் பின் வைத்திருப்பவர்கள் வலது பக்கத்து எண் பட்டன்களை அழுத்துவார்கள். நம் லாக் அணைந்திருந்தால் சில கம்ப்யூட்டர்களில் அவை எண்ணைத் தராமல் போகலாம். மேல் வரிசை எண்களை அழுத்திப் பாருங்கள். மூன்றாவது, தமிழில் டைப் செய்பவர்கள் தமிழ் விசைப்பலகையைச் சேர்த்து வைத்திருப்பீர்கள். லாகின் திரையில் கீழே வலது மூலையில் எந்த மொழி என்று காட்டும். அது தமிழில் நின்றால் ஆங்கில பாஸ்வேர்ட் எப்படிப் பொருந்தும்? ஆங்கிலத்திலேயே அமெரிக்க விசைப்பலகை, பிரிட்டிஷ் விசைப்பலகை என்று இரண்டு உண்டு. பிரிட்டிஷுக்கு மாறிவிட்டால் ஈமெயில் முகவரியில் போடுகிறோமே அந்த 'அட்' குறியும், இரட்டை மேற்கோள் குறியும் இடம் மாறிவிடும். நான்காவது, பாஸ்வேர்ட் பெட்டியின் ஓரத்தில் கண் மாதிரி ஒரு படம் இருக்கும். அதை அழுத்தினால் நீங்கள் அடித்தது எழுத்தாகவே தெரியும். இதை ஒன்று செய்தாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

அடுத்தது பின்னும் பாஸ்வேர்டும். இரண்டும் ஒன்றல்ல. பின் என்பது அந்த ஒரு கம்ப்யூட்டருக்கு மட்டும் சொந்தம். மைக்ரோசாஃப்ட் கணக்கின் பாஸ்வேர்ட் என்பது அவர்களிடம் நமக்கு இருக்கும் கணக்குக்கு, எந்தக் கம்ப்யூட்டரிலும் செல்லும். தினமும் பின்னையே போட்டுப் பழகுவதால் பாஸ்வேர்ட் என்ற ஒன்று இருப்பதையே இரண்டு வருஷத்தில் மறந்துவிடுகிறோம். பின் மறந்தால், அங்கேயே 'பின் மறந்துவிட்டது' என்ற வரி இருக்கிறது. பாஸ்வேர்ட் மறந்தால் வேறொரு போனிலிருந்தோ கம்ப்யூட்டரிலிருந்தோ மைக்ரோசாஃப்டின் தளத்துக்குப் போய் மாற்றிக்கொள்ளலாம். மாற்றிய பிறகு உங்கள் கம்ப்யூட்டரை இன்டர்நெட்டில் சேருங்கள். அப்போதுதான் புதிய பாஸ்வேர்ட் அதற்குத் தெரியும். ஆனால் மாற்றும்போது நீங்கள் பதிந்து வைத்த மொபைலுக்கோ ஈமெயிலுக்கோ ஓர் எண் அனுப்புவார்கள். அந்த மொபைல் எண் இன்று உங்களிடம் இருக்கிறதா? இந்தக் கேள்விக்குப் பின்னால் திரும்ப வருகிறேன்.

வாசல் தகராறு மாதிரியே தோன்றி, தகராறே இல்லாத ஒன்றும் உண்டு. இன்டர்நெட்டில் எதையோ பார்த்துக்கொண்டிருக்கும்போது திடீரென்று திரை முழுவதும் சிவப்பாக, உங்கள் கம்ப்யூட்டர் பூட்டப்பட்டுவிட்டது, இந்த எண்ணுக்கு உடனே போன் செய்யுங்கள் என்று வரும், சத்தமும் போடும். அது மோசடி. மைக்ரோசாஃப்டின் எந்த எச்சரிக்கையிலும் போன் நம்பர் இருக்காது. கன்ட்ரோல், ஆல்ட், டெலிட் மூன்றையும் சேர்த்து அழுத்தி ரீஸ்டார்ட் செய்யுங்கள், போய்விடும். போன் மட்டும் செய்யாதீர்கள். செய்து, பணமும் போயிருந்தால் கூச்சப்படாமல் உடனே 1930 என்ற எண்ணில் புகார் கொடுங்கள். சைபர் குற்றங்களுக்கென்று மத்திய சர்க்கார் வைத்திருக்கும் எண் அது.

மேஜையில் தகராறு

இப்போது என் கேசுக்கு வருகிறேன். பாஸ்வேர்டை ஏற்றுக்கொண்டது, ஆனால் உள்ளே என் மேஜை இல்லை. ஏன்?

ஒவ்வொரு பயனாளருக்கும் விண்டோஸ் ஒரு நீண்ட எண் கொடுத்திருக்கிறது, நம் ஊழியர் எண் மாதிரி. ரெஜிஸ்ட்ரி என்று அதனிடம் ஒரு பெரிய பதிவேடு உண்டு. அதில் இந்த எண்காரருடைய அலமாரி இன்ன இடத்தில் என்று எழுதியிருக்கும். நம் விருப்பங்களையெல்லாம் குறித்து வைக்கும் ஒரு தனி ஃபைலும் நம் ஃபோல்டரில் இருக்கிறது. நடுவில் மின்சாரத்தை நிறுத்தினால் அந்த ஃபைல் பாதி எழுதியபடியே நின்று பழுதாகலாம். மறுநாள் நாம் வரும்போது விண்டோஸ் அதைத் திறக்கப் பார்க்கிறது. முடியவில்லை. வந்தவரை வெளியே நிறுத்தவும் மனம் வராமல், விசிட்டருக்குப் போடுவது போல ஒரு தற்காலிக மேஜையைப் போட்டு உட்கார வைக்கிறது. இதற்குத்தான் டெம்ப்ரரி ப்ரொஃபைல் என்று பெயர். சாயங்காலம் நாம் வெளியே போனதும் அந்த மேஜையை மேலே இருப்பதோடு சேர்த்துத் தூக்கி எறிந்துவிடும். நான் படிக்காமல் மூடினேனே, அந்த அறிவிப்பு இதைத்தான் சொல்லியிருக்கிறது: இப்போதே வெளியேறுங்கள், இங்கே செய்வது எதுவும் தங்காது.

ஆகவே, திரை வெறுமையாகத் தெரிந்தால் செய்ய வேண்டியவை:

ஒன்று, அங்கே எந்த வேலையும் செய்யாதீர்கள், எதையும் சேமிக்காதீர்கள்.

இரண்டு, சைன் அவுட் செய்து மறுபடி நுழையுங்கள். பிறகு ரீஸ்டார்ட் செய்து பாருங்கள், ஒரு தடவைக்கு இரண்டு தடவையாக. ஷட்டவுன் செய்து திறப்பதும் ரீஸ்டார்ட்டும் ஒன்றுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படி இல்லை. இப்போதைய விண்டோஸில் சீக்கிரம் திறப்பதற்காக ஷட்டவுனில் ஒரு பகுதியை அப்படியே உறைய வைத்து எடுத்து வைக்கிறது. ரீஸ்டார்ட்டில்தான் எல்லாம் அடியிலிருந்து புதிதாக ஆரம்பமாகிறது. சில சமயம் இதிலேயே சரியாகிவிடும்.

மூன்று, சரியாகாவிட்டால் சி டிரைவில் யூசர்ஸ் ஃபோல்டரில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் பெயருக்குள் டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் ஃபோல்டர்கள் காலியாக இருந்தால், அங்கேயே ஒன்டிரைவ் என்ற ஃபோல்டருக்குள்ளும் பாருங்கள். இப்போது பல கம்ப்யூட்டர்களில் அவை அதற்குள் போய்விடுகின்றன.

நான்கு, இருப்பதை முதலில் ஒரு வெளி ஹார்ட் டிஸ்கிலோ பென் டிரைவிலோ பிரதி எடுங்கள். வேறு எந்த வைத்தியமும் இதற்குப் பிறகுதான்.

ஐந்து, செட்டிங்ஸில் அக்கவுன்ட்ஸ் பகுதிக்குப் போய்ப் புதிதாக ஒரு பயனாளரை உண்டாக்கி, அவருக்கு அட்மினிஸ்ட்ரேட்டர் அதிகாரம் கொடுத்து, அதன் வழியாக நுழைந்து பழைய ஃபைல்களை அங்கே கொண்டுவந்து வையுங்கள். நான் இப்படித்தான் செய்தேன். டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ், டெஸ்க்டாப், டவுன்லோட்ஸ் ஃபோல்டர்களை மட்டும் எடுங்கள். பெயர் என்.டி.யூசர் என்று ஆரம்பிக்கும் ஃபைல்களைத் தொடாதீர்கள். பழுதானது அதுதான், அதையும் கொண்டுபோனால் வியாதியும் கூடவே வரும்.

ரெஜிஸ்ட்ரி பதிவேட்டில் போய் அந்த வரியைத் திருத்தியும் பழைய மேஜையையே மீட்கலாம். விஷயம் தெரிந்தவர்கள் செய்வார்கள். ஆனால் அதில் கை தவறினால் கம்ப்யூட்டரே எழுந்திருக்காது. நான்காவது காரியம் முடியாமல் யாரையும் அதைத் தொட விடாதீர்கள். கடைக்கு எடுத்துப் போனாலும், "ஃபார்மட் செய்யும் முன் என் ஃபைல்கள் எங்கே பிரதி எடுத்திருக்கிறது, காட்டு" என்று கேளுங்கள். ஃபார்மட் என்பது கடைக்காரருக்குச் சுலபமான வழி. அவருக்கு நேரம்தான் முக்கியம். நமக்கு உள்ளே இருப்பது முக்கியம்.

இரும்புப் பெட்டி

இதுவரை சொன்னதைக் கேட்டால், எது நடந்தாலும் ஃபைல் எங்கேயும் போகாது என்று தோன்றும். சில வருஷம் முன்பு வரை அது ஏறக்குறைய சரி. இப்போது சரியில்லை. அதைச் சொல்லத்தான் முக்கியமாக வந்தேன்.

எங்கள் பக்கத்துக் கட்டடத்தில் ஒரு நண்பர் இருந்தார். பெயர் வேண்டாம், உங்களில் பலருக்குத் தெரிந்தவர். விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு ஆதரவு நின்றுவிடும் என்று தெரிந்ததும், பழைய கம்ப்யூட்டரைக் கொடுத்துவிட்டுப் புது லேப்டாப் வாங்கினார். அவருடைய தகப்பனார் எழுதிய டைரிகள் கரையான் அரித்துக்கொண்டிருந்தன. ஒவ்வொரு பக்கமாக ஸ்கேன் செய்து லேப்டாப்பில் ஏற்றினார். அரித்த காகிதங்களை அப்புறம் கழித்துவிட்டார். தாயார் பாடிய பழைய கேசட்டுகளையும் இப்படியே மாற்றி வைத்தார். வங்கி விவரம், இன்ஷூரன்ஸ் விவரம் எல்லாம் அதிலேயே. "எல்லாம் கம்ப்யூட்டரில் பத்திரமா இருக்கு" என்று மாமியிடம் சொல்லுவாராம்.

திடீரென்று ஒரு நாள் காலமாகிவிட்டார். காரியங்கள் முடிந்து இரண்டு மாதம் கழித்து லேப்டாப்பைத் திறந்தால் திறக்கவே இல்லை. சர்வீஸில் மதர்போர்டை மாற்றிக் கொடுத்தார்கள். திரும்பி வந்ததும் நீல நிறத்தில் ஒரு திரை வந்து, 48 இலக்க எண் ஒன்றைக் கேட்டது. மாமி என்னைக் கூப்பிட்டனுப்பினாள். எனக்கு விஷயம் தெரியும் என்று நினைத்துக்கொண்டாள், பாவம். நானும் என் வெற்றி மிதப்பில்தான் போனேன்.

இது வாசலும் அல்ல, மேஜையும் அல்ல. இது இரும்புப் பெட்டி. புது லேப்டாப்களில் ஹார்ட் டிஸ்க் முழுவதையும் விண்டோஸ் சங்கேதமாக மாற்றிப் பூட்டி வைக்கிறது. பிட்லாக்கர் என்பது இதன் பெயர். முன்பு நாமாக வேண்டும் என்று வைத்தால்தான் உண்டு என்ற நிலைமை பலவற்றில் இருந்தது. 2024இல் வந்த விண்டோஸ் 11 பதிப்பு முதல், புதிதாக அமைக்கும்போது மைக்ரோசாஃப்ட் கணக்கோடு நுழைந்தால் பெரும்பாலும் தானாகவே பூட்டிக்கொள்கிறது. நல்ல காரியம்தான், லேப்டாப் திருடு போனால் திருடனுக்கு ஒன்றும் தெரியாது. தினசரி உபயோகத்தில் இந்தப் பூட்டு இருப்பதே நமக்குத் தெரியாது. ஆனால் மதர்போர்டு மாறினாலோ, சில ஆழமான அமைப்புகள் மாறினாலோ, இது பழைய வீடுதானா என்ற சந்தேகம் அதற்கு வந்து சாவி கேட்கும். அந்தச் சாவிதான் 48 இலக்க எண்.

அந்த எண் அவருடைய மைக்ரோசாஃப்ட் கணக்கில்தான் இருந்திருக்க வேண்டும். கணக்கின் பாஸ்வேர்ட் யாருக்கும் தெரியாது. மாற்றலாம் என்றால் அவருடைய மொபைலுக்கு ஓர் எண் வரவேண்டும். அந்த சிம்மை, மாதா மாதம் எதற்குக் கட்டணம் என்று, பதின்மூன்று நாள் காரியம் முடிந்த கையோடு பிள்ளை சரண்டர் செய்துவிட்டிருந்தான். அவனைக் குற்றம் சொல்ல முடியாது, யாராயிருந்தாலும் அப்படித்தான் செய்வார்கள். சாவி தொலைந்தால் மைக்ரோசாஃப்டாலேயே திறந்து கொடுக்க முடியாது. பூட்டின் லட்சணமே அதுதான்.

வங்கி விவரம், பென்ஷன், இன்ஷூரன்ஸ் எல்லாம் பிறகு கிடைத்துவிட்டன. அவற்றுக்கு அந்தந்த ஆபீசிலேயே மூலப் பதிவு இருக்கிறது, அலைச்சல்தான். தகப்பனார் டைரிக்கும் தாயார் குரலுக்கும் எந்த ஆபீசில் மூலப் பதிவு இருக்கிறது? "ஒரு தடவை அவா பாடினதைக் கேட்டுட்டாப் போறும்" என்றாள் மாமி. நான் அந்த நீலத் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

டூப்ளிகேட் சாவி

அன்று வீட்டுக்குத் திரும்பி நடக்கும்போது எனக்குப் பழைய ஆபீஸ் ஞாபகம் வந்தது. சர்க்கார் ஆபீசில் பணப் பெட்டிக்கு இரண்டு சாவி உண்டு. ஒன்று காஷியர் வசம். டூப்ளிகேட் சாவியை உறையில் போட்டு, அரக்கு சீல் வைத்து, கருவூலத்தில் ஒப்படைப்போம். அதற்கொரு ரிஜிஸ்டர் உண்டு. வருஷத்துக்கு ஒரு தடவை அந்த உறையை வரவழைத்து, பிரித்துச் சரிபார்த்து, புது சீல் வைத்துத் திருப்பி அனுப்ப வேண்டும். எவ்வளவு அலுப்போடு அந்த வேலையைச் செய்திருப்போம்! சாவி வைத்திருப்பவருக்கு என்ன ஆனாலும் பெட்டி திறக்க வேண்டும் என்று நமக்கு முன்னால் யாரோ யோசித்து வைத்த விதி அது. ஆயிரம் ரூபாய் இருந்த பெட்டிக்கு அவ்வளவு செய்த நாம், ஆயுள் முழுவதையும் வைத்திருக்கும் பெட்டிக்கு என்ன செய்திருக்கிறோம்?

அதனால் என் வீட்டில் நான் செய்திருப்பதைச் சொல்கிறேன். உங்களுக்கும் சரி என்று பட்டால் செய்யுங்கள்.

முதல் காரியம், கம்ப்யூட்டரில் அட்மினிஸ்ட்ரேட்டர் அதிகாரத்தோடு இரண்டாவது பயனாளர் ஒருவரை வைத்திருக்கிறேன். தினமும் அதை உபயோகிப்பதில்லை. என் மேஜை மறுபடி பழுதானால் அந்த வழியாக உள்ளே போகலாம்.

இரண்டாவது, மைக்ரோசாஃப்ட் தளத்தில் என் கணக்கில் நுழைந்து, டிவைசஸ் பகுதியில் ரெகவரி கீ என்று இருக்கும் 48 இலக்க எண்ணைக் காகிதத்தில் பிரிண்ட் எடுத்தேன். கம்ப்யூட்டருக்குள்ளேயே சேமித்து வைத்தால் பெட்டிச் சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டின கதைதான்.

மூன்றாவது, ஒரு தாளில் கம்ப்யூட்டர் பின், மைக்ரோசாஃப்ட் கணக்கின் பெயர், பாஸ்வேர்ட், அதற்குப் பதிந்த மொபைல் எண், எந்த ஃபோல்டரில் என்ன இருக்கிறது என்று என் கையெழுத்தில் எழுதி, பிரிண்ட்டோடு சேர்த்து உறையில் ஒட்டி, உயிலும் வீட்டுப் பத்திரமும் இருக்கும் இடத்தில் வைத்திருக்கிறேன். பாஸ்வேர்டை எழுதி வைக்கலாமா என்று கேட்பீர்கள். திரையில் ஒட்டி வைத்தால் தப்பு. சீல் வைத்த உறையில் பீரோவில் வைத்தால் தப்பில்லை. ஆனால் நெட் பாங்கிங் பாஸ்வேர்டை இதில் எழுதவில்லை. அதற்கு நாமினி இருக்கிறார், வங்கிக்கென்று முறை இருக்கிறது. அந்த வழியில்தான் போக வேண்டும்.

நான்காவது, பதிந்த மொபைல் எண் தவிர, பிள்ளையுடைய ஈமெயில் முகவரியையும் கணக்கில் சேர்த்திருக்கிறேன். எனக்குப் பிறகு என் சிம்மை ஒரு வருஷமாவது விட்டு வை என்றும் அவனிடம் சொல்லிவிட்டேன். "என்னப்பா பேச்சு இது" என்று கோபித்துக்கொண்டான். கோபித்துக்கொள்ளட்டும்.

ஐந்தாவது, மீண்டும் கிடைக்காத வஸ்துக்களை மட்டும் ஒரு வெளி ஹார்ட் டிஸ்கில் பிரதி எடுத்து, பெண் வீட்டில் கொடுத்து வைத்திருக்கிறேன். பென்ஷன் உத்தரவு மறுபடி வாங்கலாம். அம்மா குரலை வாங்க முடியாது. எது எதை மறுபடி வாங்க முடியாதோ, அதற்கு இரண்டு பிரதி.

கடைசியாக, வருஷத்துக்கு ஒரு நாள் உறையைப் பிரித்துச் சரிபார்க்கிறேன். பாஸ்வேர்ட் மாறியிருந்தால் தாளை மாற்றுகிறேன். நாள் மறக்காமல் இருக்க சரஸ்வதி பூஜையன்று வைத்துக்கொண்டிருக்கிறேன். அன்றைக்குத்தான் புஸ்தகங்களைப் படிக்கக்கூடாது என்பார்கள். உறையைப் பிரிக்கக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை.

மாமிகளுக்கு ஒரு வார்த்தை. "கம்ப்யூட்டர் அவர் டிபார்ட்மென்ட்" என்று விட்டுவிடாதீர்கள். ராத்திரி வீட்டுக்குப் போனதும் உங்கள் ஆத்துக்காரரிடம், "நீங்க பக்கத்திலே இல்லாம நான் இதைத் திறக்கணும்னா எப்படித் திறக்கறது, செஞ்சு காட்டுங்கோ" என்று கேளுங்கள். அவர் எதிரிலேயே ஒரு தடவை நீங்களே திறந்து பாருங்கள். அன்று கடையில் என் ஆத்துக்காரி கேட்ட ஒரு கேள்வியால்தான் உங்கள் சங்கத்துக் கணக்கு தப்பியது.

பக்கத்துக் கட்டடத்து மாமி அந்த லேப்டாப்பை இன்னும் விற்கவில்லை. துணி போட்டு மூடி, ஸ்வாமி அலமாரிக்குக் கீழே வைத்திருக்கிறாள். என்றைக்காவது யாராவது திறந்துவிடுவார்கள் என்று நினைக்கிறாளோ என்னவோ. நான் கேட்கவில்லை.

இந்த வருஷக் கணக்கு தயாராக இருக்கிறது. இரண்டு பிரதிகள் எடுத்துவிட்டேன், ஒன்று செயலாளர் வசம்.